‘திரும்பலாம்’ சொல்லாப் படலம்

வாழி, வாயே! விலையை முதலில் உரைக்காத வாயே, வேண்டும் என்பதை வெளியே விடாத வாயே, எதிரே நிற்பவன் கேட்ட விலை செவியிற் பட்ட மாத்திரத்தில் சாவுச் செய்தி கேட்டாற்போல் இறுக மூடிக்கொள்ளும் பொற்பேழையே, நீ வாழி! உன்னைத் தாங்கும் இரட்டைத் தாடை வாழி! அத்தாடையைத் தாங்குவதாகச் சொல்லப்படும் கழுத்து, இருக்குமிடத்தை இதுவரை யாரும் கண்டதில்லை எனினும், அதுவும் வாழி!

அவ்வாயை உடையவர் யார் எனில், கேண்மின். ஊரார் எல்லாம் மல்லாந்து உறங்கத் தாம் மட்டும் கல்லாவில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் காவலர். இலவம்பஞ்சும் தேங்காய்நாரும் நுரையும் ஆகிய மூவகை நாடுகளும் முடிதாழ்த்தித் திறை செலுத்தும் முதல்வர். “சும்மா கையை வெச்சு அமுக்கிப் பாருங்க” என்னும் ஒற்றை மந்திரத்தால், வேடிக்கை பார்க்க வந்தவனை வண்டி பிடித்து மெத்தை ஏற்றிப் போக வைத்த மாயர். மாடிக் கட்டடத்து மூன்று கடைகளில் இடது கடையை ஆளும் மெத்தைக்கடைக்காரர். தெருவார் அவரை ‘மெத்தை’ என்பர். யாம் காவியத்தின் மரியாதை கருதி மெத்தையார் என்போம்.

இத்தகைய கோமான் தம் இல்லத்தில் வெறும் பாயில் படுத்தார் என்றால் உலகம் நம்புமோ? ஆயினும் உண்மை அதுவே. கடையில் இடம் போதாமையால் மெத்தைகள் அவர் வீட்டின்மீது படையெடுத்து, கூடத்தைக் கைப்பற்றி, படுக்கையறையை முற்றுகையிட்டு, அடுப்படி வாசலில் கொடி நாட்டியிருந்தன. இல்லத்தரசியார் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து நடந்து, நேராக நடக்கும் கலையை ஏறக்குறைய மறந்திருந்தார். உறையைப் பிரித்தால் விலை போய்விடும் என்னும் வணிக அறத்தின்படி, அத்தனை பஞ்சணைகளுக்கு நடுவே, சுவரோரம் கிடைத்த சந்தில், கணவனும் மனைவியும் ஒருக்களித்துக் கிடந்தனர். ஒருநாள் அவ்வம்மையார் இரண்டு மெத்தைகளுக்கு இடையிலிருந்து முகத்தை மட்டும் நீட்டி ஆணையிட்டார்:

“அந்த நடுக்கடையைப் பிடிங்க. இல்லேன்னா இந்த மெத்தைங்களோட நீங்க குடும்பம் நடத்துங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.”

நடுக்கடை! அந்தப் பெயரைச் சொல்லும்போதே எழுதுகோல் நடுங்குகிறது. மூன்று கடைகளின் நடுவில் இருப்பது. மூக்குக்கண்ணாடி விற்றவர் காலி செய்துவிட்டுப் போனது. சாய்வில்லாத தரையும் ஒழுகாத கூரையும் உடையது. மாடியில் குடியிருக்கும் கட்டடக்காரம்மா தினமும் பெருக்கித் தெளித்துப் பூட்டி வைத்திருப்பது. அதற்கு வலப்புறக் கடையை ஆண்டவர் இக்காவியத்தின் மற்றொரு மாவீரர், நம் நாயகரின் ஆருயிர்த் தோழர், பூட்டுக்கடைக்காரர்.

தொங்குபூட்டு, கதவுப்பூட்டு, பெட்டிப்பூட்டு என்னும் முப்படைக்கும் தலைவர் அவர். தம் மோவாயையும் அவ்வினத்திலேயே செய்துகொண்டவர் போல் தோன்றுவார். கேட்டால் ஒழியத் திறக்காது, கேட்டாலும் பாதியே திறக்கும். அவரது கடையின் அகலம் அவரது தோளின் அகலமே. உள்ளே அவர் இருக்கையில் சாவி அறுக்கும் இயந்திரம் வெளியே படியில் இருக்கும். இயந்திரம் உள்ளே வந்தால் அவர் படியில் இருப்பார். போதாக்குறைக்கு மனைவியின் தம்பி ஒருவன், ‘அக்கா, எனக்கு ஒரு வழி பண்ணு’ என்று வந்து சேர்ந்து, உட்கார இடமின்றி மாமனின் நிழலிலேயே நின்றுகொண்டிருந்தான். நடுக்கடை கிடைத்தால் மைத்துனனை அங்கே உட்கார வைத்துவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பது பூட்டாரின் வாழ்நாள் தவம்.

கட்டடக்காரம்மா ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து இருவர் முன்பும் நின்று, “நடுக்கடை சும்மாத்தான் கெடக்கு. உங்கள்ல யாருக்காவது வேணுமா?” என்று நேராகக் கேட்டார். வணிகர் குலத்தில் பிறந்தோரிடம் இவ்வாறு நேராகக் கேட்பது, வாளேந்தி நிற்பவனிடம் சோப்பு விலை விசாரிப்பதற்கு ஒப்பாகும். மெத்தையாரின் நெஞ்சு ‘வேணும் வேணும்’ என்று முரசறைந்தது, வாயோ, “எனக்கு எதுக்கும்மா? இருக்கிறதே போதும்” என்றது. பூட்டாரின் நெஞ்சு எழும்பிக் குதித்தது, வாயோ, “இன்னொரு கடையா? அய்யோ, யாரு பெருக்கறது?” என்றது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “சரி, வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லி மாடியேறினார்.

அன்று மாலை தேநீர்க் கடையில் இரு வேந்தரும் மந்திராலோசனை நடத்தினர்.

“டேய் மெத்தை, ஆசையைக் காட்டினா வாடகை ஏறிடும்,” என்றார் பூட்டார்.

“நான் எங்கடா காட்டினேன்? நீதான் அந்த ஷட்டரையே பாத்துட்டு நின்ன.”

“அது துருப்பிடிச்சிருக்கான்னு பாத்தேன். தொழில் புத்தி. சரி, லீவு நாள்ல ரெண்டு பேரும் தெருவுலயே இருக்க வேணாம். எங்கயாவது மலைக்குப் போயிடலாம். ‘இவனுங்களுக்கு அக்கறையே இல்ல போல’ன்னு அம்மா தானா எறங்கி வருவாங்க.”

“ரெண்டு பேருக்கும் எறங்கி வந்தா, எடுக்கிறது யாரு?”

இக்கேள்விக்குப் பூட்டார் விடை கூறவில்லை. அவரும் கூறவில்லை, இவரும் வற்புறுத்தவில்லை. இரண்டு வணிகர்கள் இடையே நட்பு என்பது இப்படித்தான் நெடுநாள் நிலைத்திருந்தது.

விடுமுறை நாளும் விடிந்தது. வீரர் கவசம் பூண்ட கோலத்தைப் பாடுவதும் காவிய மரபாகலின் அதையும் பாடுவோம். மெத்தையார் மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட சட்டையும், நடைப்பயிற்சிக்கென்று வாங்கி நடக்காமலே பழசாகிவிட்ட வெண்ணிறக் காலணியும் அணிந்து, உட்காருமிடத்தில் கல் குத்தினால் என் செய்வது என்னும் தொலைநோக்கால், வாடிக்கையாளர் அமுக்கிப் பார்ப்பதற்கென்று கடையில் வைத்திருந்த நுரைத் துண்டைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, கேடயம்போல் முதுகில் ஏற்றினார். பூட்டாரோ தோளில் ஒரு துணிப்பை மாட்டி, அதன் வாயில், எண் சேர்த்துத் திறக்கும் எண்பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். ரொட்டி கொண்டுபோகும் பைக்குப் பூட்டு எதற்கு என்று வியவாதீர். பூட்டுக்காரர் பூட்டாமல் ஒன்றைத் தூக்கினால் அது தொழிலுக்கு அவமானம்.

இருவர் கையிலும் குடை இல்லை. வானம் காலையிலேயே இட்டலிச் சட்டியின் அடிப்புறம்போல் கறுத்திருந்தது. ஆயினும் குடை எடுப்பவன் மழையை எதிர்பார்க்கிறான். எதிர்பார்ப்பவன் தேவையைக் காட்டுகிறான். தேவையைக் காட்டியவன் பேரத்தில் பாதி தோற்றான். வானத்திடமும் தேவையைக் காட்டக் கூடாது என்பது இருவரும் தாய்ப்பாலோடு அருந்திய பாடம்.

மலையடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தில் தேநீர் விற்ற பெண்மணி, பாத்திரம் கழுவிய கையை முந்தானையில் துடைத்தபடி, இவ்விருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏங்க, மேலயா போறீங்க? மழை பிடிச்சா விடாது. குடை இல்லையா?”

“மழையா? எங்க?” என்றார் மெத்தையார், தம் வழுக்கையில் விழுந்த முதல் துளியைத் துடையாமலே.

“நல்ல வெயில் வரும் போல இருக்கும்மா,” என்றார் பூட்டார்.

அப்பெண்மணி வேறொன்றும் பேசாமல் தம் கடையின் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அவ்விழுத்துக் கட்டுதலில் இருந்த ஏளனம் இருவர் முதுகிலும் அம்பாய்த் தைத்தது. அப்போதுதான் பூட்டாரின் வாயிலிருந்து, இக்காவியத்தின் கருவாகிய அப்பெரும் பிரகடனம் புறப்பட்டது:

“டேய் மெத்தை, ஒரு பேச்சு. யாரு வாயிலேர்ந்து முதல்ல ‘திரும்பலாம்’னு வருதோ, அவன் நடுக்கடையை மறந்துடணும். அடுத்தவன் எடுத்துக்கலாம். சம்மதமா?”

மெத்தையார் கண்முன்னே பக்கவாட்டில் நடக்கும் மனைவி தோன்றினார். அக்கா வீட்டுக்குக் கட்டிய பெட்டி தோன்றியது. பெட்டி போனபின் தாமும் மெத்தைகளும் மட்டும் வாழும் வாழ்வு தோன்றியது.

“எனக்கு அந்தக் கடை வேணும்னு யாருடா சொன்னா?” என்றார்.

“எனக்குந்தான் வேணாம்.”

“அப்ப சம்மதம்.”

விண்ணோர் பூமாரி பொழியவில்லை. வேறு மாரியே பொழிந்தது.

எழுந்தன மேகங்கள்! தள்ளுபடி அறிவித்த கடையின் ஷட்டர் பாதி ஏறியதும் முண்டியடிக்கும் கூட்டம்போல் ஒன்றையொன்று இடித்தும் நெருக்கியும் மலைமுகட்டில் வந்து குவிந்தன. வீசிற்று காற்று! மரங்கள் எல்லாம் ஒருசேர, ‘கட்டுப்படியாகாது, கட்டுப்படியாகாது’ என்று தலையசைத்தன. கொட்டிற்று மழை! அளந்து ஊற்றவும் தெரியாமல், கொசுறு கொடுத்த இடத்தில் நிறுத்தவும் தெரியாமல், குடம் குடமாய்க் கவிழ்த்தது. பாதை என்று சற்று முன்வரை பெயர்பெற்றிருந்த இடம், ஓடை என்று பெயர் மாற்றிக்கொண்டு, எதிர்த்திசையில் விரைந்தது. அதாவது கீழ்நோக்கி. மலையில் அறிவுள்ள ஒரே பொருள் அதுவாகவே இருந்தது.

இரு வீரரும் ஏறினர். மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது, நா மட்டும் அசையவில்லை. முதலில் நடந்தது மௌனப்போர். கடையில் விலை சொன்னபின் வாங்குபவனும் விற்பவனும் எதிரெதிர் நின்று கூரையைப் பார்ப்பார்களே, அந்த மௌனம். பொறுக்காதவன் முதலில் பேசுவான், பேசியவன் இறங்குவான். மழை இருவர் காதிலும் மாறி மாறி ஓதியும் ஒருவரும் பேசினாரில்லை.

பின்னர் நடந்தது புகழ்ச்சிப்போர். “ஜிலுஜிலுன்னு இருக்குடா,” என்றார் மெத்தையார், பற்கள் தந்தியடிக்க. “இந்தக் காத்துக்குக் காசு குடுக்கலாம்,” என்றார் பூட்டார், காற்று அவர் சட்டையைத் தலைக்குமேல் தூக்கிக் கட்ட, அதற்குள்ளிருந்து. எதிரியின் சரக்கை மட்டம் தட்டுவதே வழக்கம். தம் துன்பத்தையே உயர்த்தி விலைகூறிய இவ்விருவரின் வணிகத்தை அன்று மலை முதன்முறையாகக் கண்டது.

மூன்றாவதாக நடந்ததே மாபெரும் போர், படியிறங்கும் போர். கடைத்தெருவில் கைதேர்ந்த வாங்குவோர் ‘வேணாங்க, வேற கடை பாக்கறேன்’ என்று படியிறங்கி, மெல்ல, மிக மெல்ல நடப்பர்; முதுகுப்புறத்திலிருந்து ‘சரி வாங்க’ என்னும் தேவாமிர்தக் குரல் வருமென்று காது முழுவதும் பின்னால் இருக்கும். மெத்தையார் அந்த அஸ்திரத்தை எடுத்தார். ஒரு பாறையருகே நின்று, “நான் விடுவிடுன்னு மேல போறேன். உன்னால முடியலேன்னா இங்கயே நில்லு,” என்று சொல்லி, மெல்ல, மிக மெல்ல மேல்நோக்கி நடந்தார். ‘டேய் வேணாண்டா, திரும்பலாம்’ என்று தோழர் கூப்பிடுவார், வென்றுவிடலாம்.

தோழர் கூப்பிடவில்லை. தோழரும் அதே தெருவில் வளர்ந்தவர்.

கூப்பிடாதபோது படியேறித் திரும்புவது மானக்கேடு. ஆகவே மெத்தையார் ஏறிக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் பூட்டார் அவரைக் கடந்து, “நீ மெதுவா வா. நான் உச்சியில நிக்கறேன்,” என்று மெல்ல, மிக மெல்ல நடந்தார். மெத்தையாரும் கூப்பிடவில்லை. இவ்வாறு ஒருவரையொருவர் விட்டுவிட்டுப் போவதாக மிரட்டியே, உச்சியை அடைய வேண்டும் என்ற எண்ணம் எள்ளளவும் இல்லாத இருவரும் உச்சியை நோக்கி விரைந்தனர். உலகில் பெரும்பாலான சிகரங்கள் இப்படித்தான் வெல்லப்பட்டிருக்க வேண்டும் என்று ஐயுறுகிறோம்.

அப்போது மின்னல்! பக்கத்துக் குன்றில் வெண்தீ ஒன்று இறங்கி, அண்டம் பிளந்ததோ என இடி முழங்க, மெத்தையாரின் வாய், அந்தப் பொற்பேழை, அவரது அனுமதியின்றித் தானே திறந்தது.

“திரு...!”

பூட்டார் புயல்வேகத்தில் திரும்பினார். கண்களில் நடுக்கடை மின்னியது. “என்ன? என்ன சொன்ன?”

“திரு... திருட்டுப் பயலேன்னு சொல்ல வந்தேன். என்னை முந்திட்டுப் போறியே.”

சற்றைக்கெல்லாம் பூட்டாரின் கால் சேற்றில் வழுக்கி, அவர் ஒரு புதரைத் தழுவியபடி அலறினார்: “திரு...!”

“ஆங்? சொல்லு, சொல்லு!”

“திரு... திருப்தியா இருக்குடா!”

பசி வந்தது. “பையைத் தெற, ரொட்டி எடு,” என்றார் மெத்தையார். பூட்டாரின் முகத்தில் இடிவிழுந்தபோதும் தோன்றாத ஓர் அச்சம் தோன்றி மறைந்தது. எண்பூட்டைக் கையால் பொத்திக்கொண்டு, “நம்பர் மறந்துடுச்சு,” என்றார். பூட்டுகளின் வேந்தர், தம் பூட்டின் எண்ணை மறந்தாரா! மெத்தையார் வியந்தார். வியப்பதற்கும் வலு இல்லாமல் நடந்தார்.

வளைவொன்றில் மெத்தையாரின் கைபேசி சிணுங்கியது. மெத்தை உறையின் நெகிழித்துண்டில் சுற்றி வைத்திருந்தமையால் அதுமட்டும் மலையில் நனையாத பொருளாய் இருந்தது. ஈரவிரல் தவறான இடத்தில் பட, இல்லத்தரசியாரின் குரல் மலையெங்கும் ஒலித்தது.

“என்னங்க! எங்க இருக்கீங்க? இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுது. ஒழுங்கா திரும்பி வாங்க!”

“வந்துடுச்சு! வந்துடுச்சு!” என்று பூட்டார் துள்ளினார். “உன் போன்லேர்ந்து வந்துடுச்சு!”

“போன் என்னுது. வாய் என்னுது இல்ல. செல்லாது.”

“குடும்பம் ஒண்ணுதானே?”

“கடை வேற, வீடு வேற. சும்மா இருடா.”

“யாரு கூட சண்டை போடறீங்க?” என்றது கைபேசி. “கேளுங்க, கட்டடக்காரம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க. உங்க போன் கிடைக்கலையாம். நடுக்கடையை யாரோ கேக்கறாங்களாம். உங்களுக்கு வேணுமா வேணாமா, இப்பவே சொல்லணுமாம். என்ன சொல்ல?”

காற்று நின்றது போலிருந்தது. மழை செவிசாய்த்தது போலிருந்தது. மெத்தையாரின் நெஞ்சிலிருந்து ‘வேணும்’ என்னும் சொல் புறப்பட்டு, தொண்டை கடந்து, பல்வரிசைவரை வந்தும் விட்டது. பக்கத்தில் பூட்டார் காதை நீட்டிக்கொண்டிருந்தார். ‘வேணும்’ என்றால் போட்டி முடியுமுன் கடையைத் தூக்கிவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்வார். அதைவிட, ‘பாரேன், இத்தனை நாளா ஆசையை உள்ளயே வெச்சிருந்தான்’ என்று சிரிப்பார். அச்சிரிப்பைத் தாங்கும் மெத்தை உலகில் இல்லை. யாரோ கேட்கிறார்களாம்! விற்பவர் எல்லாரும் சொல்லும் பழைய தந்திரம். தாமே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்!

“அவசரமில்லன்னு சொல்லு,” என்றார்.

“எனக்கும் அவசரமில்லன்னு சொல்லும்மா!” என்று பூட்டார் கைபேசியின் காதில் கூவினார்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. மெத்தைகளுக்கு நடுவிலிருந்து வருகிற பெருமூச்சு அது, அடைத்துக்கொண்டு வந்தது. “சரி. அப்படியே சொல்லிடறேன்,” என்று தொடர்பு அறுந்தது.

உச்சியை அடைந்தனர். உச்சியிலிருந்து எட்டுத் திசையும் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தனர். ஒருவர் மூக்கு மற்றவருக்குத் தெரிந்தது. எங்கும் வெண்பனிமூட்டம், கழுவாத பால்பாத்திரத்துக்குள் நிற்பதுபோல். மெத்தையார் நுரைத் துண்டைப் பிரித்து இருவர் தலைக்கும் மேல் பிடித்தார். அது மலையின் மழையை எல்லாம் குடித்துக் கருவுற்ற எருமைபோல் கனத்து, குடித்ததைச் சிறிது சிறிதாக இருவர் கழுத்திலும் திருப்பித் தந்தது. பூட்டாரின் உதடு நீலமாயிருந்தது. மெத்தையாரின் வழுக்கை சலவைக்கல்லாய் வெளுத்திருந்தது.

“சரி. இப்ப என்ன பண்றது?” என்றார் ஒருவர்.

“நீ சொல்லு.”

“நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு.”

“‘எறங்கலாம்’னு சொன்னா?”

“அது அதோட தம்பி. செல்லாது.”

“‘போலாம்’?”

“எந்தப் பக்கம்னு சேத்துச் சொல்லணும். சொன்னா அவ்வளவுதான்.”

இவ்வாறு இலக்கணம் ஆராய்ந்துகொண்டிருந்தபோது மற்றொரு மின்னல் மிக அருகே இறங்கவே, புலமை முடிவுக்கு வந்தது. மெத்தையாரின் மூளையில் ஒரு வழி பிறந்தது.

“டேய் பூட்டு. திரும்பாமலே எறங்கினா?”

பூட்டார் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை. சம்மதித்தார்.

ஆகவே, கேளீர், கேளீர்! முகம் சிகரத்தை நோக்கியிருக்க, முதுகு பள்ளத்தை நோக்கியிருக்க, இரண்டு வணிக வேந்தரும் பின்னோக்கி நடந்து மலையிறங்கினர்! யாரும் திரும்பவில்லை. கண் உச்சியிலேயே இருந்தது. கால் மட்டும் தன்னிச்சையாய் வீட்டுக்குப் போயிற்று. வழியில் வேர் தடுக்கியது, வேரை வாழ்த்தினர். பாறை இடித்தது, பாறையிடம் மன்னிப்புக் கேட்டனர். நான்கு காலால் தவழ்ந்தனர். சில இடங்களில் உட்காரும் பாகத்தால் பயணித்தனர். அதையும் சிகரத்தைப் பார்த்தபடியே செய்தனர்.

பாதி மலையில் பூட்டாரின் கால் பிடி தவறியது. ‘தி’ என்று சொல்லவும் நேரமின்றி அவர் மல்லாந்து பறந்தார். கீழே நான்கு காலால் தவழ்ந்துகொண்டிருந்த மெத்தையாரின் முதுகில் மறுபடி கட்டியிருந்த நுரைத்துண்டின்மேல் அவர் முழு உடம்பும் வந்து விழ, அது ஊறிய நீரையெல்லாம் அருவிபோல் பீய்ச்சியடித்து, அவரை அணைத்து, ஏந்தி, மெல்ல இறக்கி வைத்தது. எலும்பு முறியவில்லை. மெத்தையார் மட்டும் அடியில் கிடந்தார்.

பூட்டார் எழவில்லை. வானத்தைப் பார்த்தபடி, வாழ்நாளில் முதன்முறையாக, மாற்றுக் குறையாத ஓர் உண்மையைச் சொன்னார். “நல்ல மெத்தைடா.” பிறகு பழக்கம் விடாமல், “என்ன விலை?” என்றார்.

மெத்தையார் அந்த நிலையிலும் விலையை முதலில் சொல்லவில்லை.

எழுந்து பார்த்தபோது ஒன்று கண்டனர். எண்பூட்டு பூட்டியபடியே தொங்கியது. பை மட்டும் நீளவாக்கில் கிழிந்திருந்தது. கிழிசலிலிருந்து ரொட்டிப் பொட்டலம் விழுந்தது. அதன்பின் தலை துவட்டும் துண்டு ஒன்று விழுந்தது. அதன்பின், கறுப்பாய், மடக்கி, நாடா கட்டியபடி, ஒரு குடை விழுந்தது.

மெத்தையார் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

“காலையிலேர்ந்து உள்ளயேவா இருந்துச்சு?” என்றார் மெத்தையார்.

“மச்சினன் வெச்சிருப்பான்.”

“நம்பர் மறந்துடுச்சுன்ன.”

“எடுத்தா நான் பயந்துட்டேன்னு சொல்லுவ.”

மெத்தையார் கோபத்தில் ஓர் எரிமலையாய் எழ முயன்றார். ஈரச் சட்டையில் எரிமலை எழவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. பூட்டாருக்கும் வந்தது. குடையை விரித்தனர். விரித்த கணமே காற்று அதை உள்வெளியாய்ப் புரட்டி, கம்பிகளை மலரவைத்து, கையிலிருந்து பிடுங்கிப் பள்ளத்தாக்கின்மேல் கொண்டுபோயிற்று. அது தூரத்தில் ஒரு காகம்போல் சிறுத்து மறைந்தது. நனைந்த ரொட்டியை ஆளுக்குப் பாதியாய்ப் பிய்த்துத் தின்றனர். பிய்க்கையில் எந்தப் பாதி பெரிது என்று இருவரும் பார்த்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

“எனக்கு அந்தக் கடை வேணுண்டா,” என்றார் மெத்தையார், வாய் நிறைய ரொட்டியோடு. “வீட்டுல படுக்க எடமில்ல.”

“எனக்குந்தாண்டா வேணும். மச்சினனைப் பாத்துப் பாத்துச் சோறு எறங்கல.”

“நடுவுல பலகை வெச்சுப் பாதி பாதி எடுத்துக்கலாமா?”

“காலையிலயே சொல்லியிருக்கலாமே!”

“நீ சொல்லியிருக்கலாமே!”

இவ்வாறு உடன்படிக்கை கையெழுத்தானது. எனினும் பின்னோக்கி இறங்குவதை இருவரும் நிறுத்தவில்லை. ‘திரும்பு’ என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா? அடிவாரத்தில் தேநீர்ப் பெண்மணி, மலையிலிருந்து இரண்டு முதுகுகள் தம் கடையை நோக்கி வருவதைக் கண்டு கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏங்க, நீங்க எறங்குறீங்களா, ஏறுறீங்களா?”

“வெயில் நல்லா இருந்துச்சும்மா,” என்றன முதுகுகள். “ரெண்டு டீ.”

பேருந்து பிடித்து, கடைத்தெருவை அடைந்தபோது மழை தூறலாய்க் குறைந்திருந்தது. இருவரும் தோளோடு தோள் சேர்த்து, அரியணையைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டை வேந்தர்போல், சேறும் சகதியும் கிரீடமாய், காலணி ஒவ்வோரடிக்கும் சங்கு முழக்க, மாடிக் கட்டடத்தின் முன் வந்து நின்றனர். இன்று வாய் திறந்து கேட்பது என்று துணிந்துவிட்டனர். மெத்தையார் தொண்டையைச் செருமினார். பூட்டார் தாடையின் பூட்டைக் கழற்றினார்.

நடுக்கடையின் ஷட்டர் ஏறியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கூரையிலிருந்தும் கம்பியிலிருந்தும் சுவராணியிலிருந்தும் கறுப்பும் நீலமும் பூப்போட்டதுமாய்க் குடைகள் தொங்கின. அவற்றின் நடுவே முக்காலியில் குடைக்காரர் உட்கார்ந்து ஒரு கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். வாசலில் கட்டடக்காரம்மா நின்றிருந்தார்.

“வாங்கப்பா! எங்க போனீங்க ரெண்டு பேரும்? இவரு மழைக்கு ஒதுங்க மூட்டையோட வந்து நின்னாரு. கடை காலியான்னாரு, ஆமான்னேன். ‘எனக்கு வேணும்மா’ன்னு ஒரே வார்த்தை. சரி, உங்களை ஒரு தடவை கேட்டுடலாமேன்னு போன் பண்ணேன். ரெண்டு பேருக்கும் அவசரமில்லேன்னு மெத்தை வீட்டம்மா சொல்லிட்டாங்க. சாவியைக் குடுத்துட்டேன்.”

மெத்தையாரின் வாய், விலையை முதலில் உரைக்காத அந்த வாய், திறந்தது. எதுவும் வரவில்லை. தூறல் மறுபடி மழையாய்ப் பெருத்தது. பூட்டாரைப் பார்த்தார். பூட்டார் தம் தோளில் தொங்கிய கிழிந்த பையைப் பார்த்தார். அதில் பூட்டு பத்திரமாய் இருந்தது.

“குடை வேணுமாங்க?” என்றார் குடைக்காரர்.

வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு குடை சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.